மைதான ஓரத்தில் நிற்பவர்: வாசகர் கேள்வி பதில்

இம்மாதம் வந்த விளையாட்டுக் கடிதங்களில் பாதிக்கு மேல் குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையிலிருந்து வந்தவை. தூத்தூர்ப் பகுதி மாணவர் ஒருவர் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் தடுப்பாட்ட உதவிப் பயிற்சியாளர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அவருடைய நண்பர்களும் ஊர்க்காரர்களும் அதே பொருளைத் தொட்டு எழுதியிருப்பதால், இந்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்குகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இம்மாவட்டத்தின் கல்லூரித் திடல்களில் உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், இந்தப் பணியை நான் தொலைவிலிருந்து ஏக்கத்தோடு பார்த்து வந்திருக்கிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: நான் ஊர் அணியிலும் கல்லூரி அணியிலும் ஸ்டாப்பராக, அதாவது நடுத் தடுப்பாட்டக்காரராக, ஆடியவன். சென்ற ஆண்டு, அணிக்கு எழுவர் ஆடும் ஒரு செவன்ஸ் போட்டியில் முழங்கால் தசைநார் கிழிந்துவிட்டதால் இனி முன்போல ஆட முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அமெரிக்காவில் வேலை பார்க்கும் பெரியப்பா மகன் விடுமுறையில் வந்தபோது, அங்குள்ள கல்லூரிகள் மோதிய அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் ஒன்றைக் காட்டினார். தலைமைப் பயிற்சியாளர் ஒருவர் இருக்க, இன்னொருவர் ஆட்டம் முழுவதும் தடுப்பாட்டக்காரர்களிடம் மட்டுமே பேசிக்கொண்டிருந்தார். அவர் யார்? அது முழுநேர வேலையா? அந்த இடத்துக்கு எப்படி வருகிறார்கள்?
(கல்லூரி மாணவர், தூத்தூர்)

பதில்: தம்பி, நீங்கள் பார்த்தவர் தடுப்பாட்ட ஒருங்கிணைப்பாளராகவோ, அவருக்குக் கீழே பணியாற்றும் உதவிப் பயிற்சியாளர்களில் ஒருவராகவோ இருக்க வேண்டும். அது முழுநேர வேலைதான். பலருக்கு வாழ்நாள் தொழிலும் அதுவே.

அப்படி ஒரு வேலை ஏன் உண்டானது என்பதை அறிய, அந்த ஆட்டத்தின் அமைப்பைச் சற்றே பார்க்க வேண்டும். நம் கால்பந்தில் அதே பதினொருவர்தாம் தாக்கவும் தடுக்கவும் செய்கிறார்கள். பந்தைக் கையில் பிடித்து ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கக் கால்பந்தில், பந்து தம்மிடம் இருக்கும்போது ஒரு பதினொருவரும், எதிரணியிடம் இருக்கும்போது வேறு பதினொருவரும் களமிறங்குகிறார்கள். ஆட்டக்காரர்களைத் தடையின்றி மாற்றிக்கொள்ளலாம் என்ற விதி 1960களின் நடுப்பகுதியில் கல்லூரி ஆட்டத்துக்குத் திரும்பிய பிறகு இந்தப் பிரிவினை நிலைபெற்றது. ஒரே அணிக்குள் ஏறத்தாழ இரண்டு அணிகள் வாழ்வதால், தடுப்பவர்களுக்கென்று தனி ஆசான்கள் தேவைப்பட்டார்கள்.

இரண்டாவது காரணம், அந்த ஆட்டம் நின்று நின்று நடப்பது. பந்தை வைத்திருக்கும் அணிக்குப் பத்து கஜம் முன்னேற நான்கு வாய்ப்புகள் உண்டு. ஒவ்வொரு வாய்ப்பும் சில நொடிகளில் முடிந்துவிடும். அடுத்ததைத் தொடங்க 40 நொடிக் கடிகாரம் ஓடும். அந்த 40 நொடிக்குள் எதிரணி எந்த ஆட்களை அனுப்புகிறது, இன்னும் எத்தனை கஜம் வேண்டியிருக்கிறது, களத்தின் எந்தப் பகுதியில் நிற்கிறார்கள் என்பதையெல்லாம் கணித்து, எந்த அமைப்பில் நிற்பது என்ற உத்தரவைத் தடுப்பாட்ட ஒருங்கிணைப்பாளர் உள்ளே அனுப்ப வேண்டும். நீண்ட காலமாகக் கைச்சைகைகளாலும் படம் வரைந்த அட்டைகளாலும் அதைச் செய்துவந்தார்கள். 2024 முதல், உயர்மட்டக் கல்லூரி அணிகளில் களத்திலிருக்கும் ஒரு தடுப்பாட்டக்காரரின் தலைக்கவசத்துக்குள் பயிற்சியாளரின் குரல் கேட்க அனுமதி உண்டு. கடிகாரத்தில் 15 நொடி எஞ்சியிருக்கும்போது அந்தத் தொடர்பு துண்டிக்கப்படும். கடற்காற்றில் தொண்டை கிழியக் கத்தியும் என் ஸ்டாப்பருக்கு ஒரு சொல்கூடக் கேட்காமல் போன மாலைகள் எத்தனையோ. அதனால்தான் இந்த ஏற்பாட்டை நான் அவ்வளவு வியப்போடு பார்க்கிறேன்.

ஒருங்கிணைப்பாளருக்குக் கீழே வேலை பிரிந்திருக்கும். முன்வரிசையில் குனிந்து நின்று மோதுபவர்களுக்கு ஒருவர், அவர்களுக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர்களுக்கு ஒருவர், ஓரத்தைக் காக்கும் கார்னர்பேக்குகளுக்கும் கடைசிக் காவலாக நிற்கும் சேஃப்டிகளுக்கும் ஒருவரோ இருவரோ இருப்பார்கள். சிலர் திடலோரத்தில் நிற்க, சிலர் உயரத்தில் உள்ள கண்ணாடி அறையிலிருந்து முழுக் களத்தையும் பார்த்துக் கீழே சொல்வார்கள்.

இனி, எப்படி வருகிறார்கள் என்ற கேள்வி. பெரும்பாலானோர் கல்லூரியில் ஆடியவர்கள். ஆனால் பெரிய நட்சத்திரங்களாக இருந்தவர்கள் குறைவு. ஆட்டம் முடிந்ததும் முதுகலைப் படிப்பில் சேர்ந்து, 'கிராஜுவேட் அசிஸ்டன்ட்' என்ற அடிமட்டப் பதவியில் நுழைகிறார்கள். கல்விக் கட்டணமும் சிறு உதவித்தொகையும்தான் கூலி. எதிரணியின் பழைய ஆட்டங்களின் காணொளியை வெட்டி, ஒவ்வொரு நகர்வையும் வகைப்படுத்தி எழுதுவது, அட்டைகளில் படம் வரைவது, பயிற்சியில் எதிரணியைப் போல ஆடிக்காட்டும் மாற்று ஆட்டக்காரர்களை நிறுத்துவது என்று விடியுமுன்னே தொடங்கி நள்ளிரவு வரை நீளும் வேலை அது. அதில் தேறினால் ஒரு சிறு கல்லூரியில் ஒரு நிலைக்குரிய பயிற்சியாளர், பிறகு பெரிய கல்லூரி, பிறகு ஒருங்கிணைப்பாளர் என்று படிகள் போகும்.

எல்லோரும் நேராக ஏறுவதில்லை. கிர்பி ஸ்மார்ட் என்பவர் ஜார்ஜியா பல்கலைக்கழக அணியில் சேஃப்டியாக ஆடியவர். வால்டோஸ்டா ஸ்டேட் என்ற சிறிய கல்லூரியில் 2001ஆம் ஆண்டிலேயே தடுப்பாட்ட ஒருங்கிணைப்பாளராகிவிட்டார். ஆனால் 2002இல் அந்தப் பதவியை விட்டு, ஃபுளோரிடா ஸ்டேட்டில் வெறும் கிராஜுவேட் அசிஸ்டன்டாகப் போய்ச் சேர்ந்தார். வெளியிலிருந்து பார்த்தால் அது இறக்கம். ஆனால் பெரிய அணி ஒன்று எப்படி இயங்குகிறது என்பதை உள்ளே இருந்து பார்க்கும் வாய்ப்பு அது. அதன் பிறகு அலபாமாவில் 2008 முதல் 2015 வரை தடுப்பாட்ட ஒருங்கிணைப்பாளராக இருந்து, ஜார்ஜியாவின் தலைமைப் பயிற்சியாளராகி, 2021, 2022 ஆகிய இரு பருவங்களிலும் தேசியப் பட்டம் வென்றார். அலபாமாவில் அவருக்கு மேலே இருந்த நிக் சேபனும் தடுப்பாட்டக்காரராகத்தான் தொடங்கினார். 1973இல் கென்ட் ஸ்டேட்டில் கிராஜுவேட் அசிஸ்டன்டாக இருந்தவர், 2024 ஜனவரியில் ஓய்வு பெறும்போது ஏழு தேசியப் பட்டங்களுக்கு உரியவராக இருந்தார்.

இப்படிச் சொன்னதும், உதவிப் பயிற்சியாளர் என்பது தலைமைப் பதவிக்குக் காத்திருக்கும் திண்ணை என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது. எனக்கு மிகவும் பிடித்தவர்கள் அந்தத் திண்ணையையே வீடாக்கிக்கொண்டவர்கள். மர்ரே ஸ்டேட்டில் ஆடிய பட் ஃபாஸ்டர், தன் ஆசான் ஃபிராங்க் பீமருடன் 1987இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். 1995 முதல் 2019 வரை அங்கே தடுப்பாட்டத்துக்குப் பொறுப்பாக இருந்தார். 2015 பருவத்தோடு பீமர் ஓய்வு பெற்று வேறொருவர் தலைமைக்கு வந்தபோதும், புதியவர் ஃபாஸ்டரைத் தக்கவைத்துக்கொண்டார். சிறந்த உதவிப் பயிற்சியாளருக்கு 1996 முதல் வழங்கப்படும் பிராய்ல்ஸ் விருது 2006இல் அவருக்குக் கிடைத்தது. அவருடைய தடுப்பாட்டத்துக்கு ஓர் அடையாளம் இருந்தது. அது தொழிலாளிகள் வேலைக்கு எடுத்துச் செல்லும் பழைய தகரச் சாப்பாட்டுப் பெட்டி. 1995இல் தொடங்கிய அந்த வழக்கத்தின்படி ஆட்டக்காரர்கள் அதைத் திடலுக்குத் தூக்கிவருவார்கள். தினமும் உழைக்க வருகிறோம் என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை. விடிகாலையில் தூக்குச்சட்டியோடு வள்ளத்துக்குப் போகிறவர்களைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு அந்தப் பெட்டியை நான் விளக்க வேண்டியதில்லை.

அயோவா பல்கலைக்கழகத்தின் ஃபில் பார்க்கரும் அத்தகையவரே. 1999இல் அங்கே பின்வரிசைப் பயிற்சியாளராகச் சேர்ந்து, 13 ஆண்டுகள் கழித்து 2012இல் ஒருங்கிணைப்பாளராகி, 2023இல் அதே விருதைப் பெற்றார். ஒரே ஊரில், ஒரே பணியில், இவ்வளவு காலம். அந்த ஊர்ச் சிறுவர்களுக்கு அவர் முகம் தெரியாமல் இருக்காது. ஆனால் கோல் போட்டவனைத் தூக்கிக் கொண்டாடும் உலகத்தில், கோல் விழாமல் காத்தவனுக்குக் கற்றுக்கொடுத்தவரின் பெயர் வெளியே அதிகம் தெரியாமல் போவது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிறது.

கேள்வி: என் கணவர் ஆழ்கடலில் தங்கல் தொழில் செய்பவர். மகன் பயிற்சியாளராகப் போகிறேன் என்கிறான். இந்த வேலை சோறு போடுமா?
(ஒரு தாய், இரவிபுத்தன்துறை)

பதில்: அம்மா, அமெரிக்காவில் இதன் உச்சியில் இருப்பவர்களுக்குச் சோறு மட்டுமல்ல, பெருஞ்செல்வமே கிடைக்கிறது. முன்னணிக் கல்லூரிகளின் தடுப்பாட்ட ஒருங்கிணைப்பாளர்களில் சிலர் ஆண்டுக்கு 20 லட்சம் டாலருக்கும் மேல் வாங்குகிறார்கள். ஆனால் சிறு கல்லூரிகளில் அதே வேலையைச் செய்பவர்கள் எளிய பள்ளி ஆசிரியரின் வாழ்க்கையைத்தான் வாழ்கிறார்கள். அடிமட்டத்தில் நுழைபவர் தன் வாடகைக்கே திண்டாடுவார்.

பணத்தைவிடப் பெரிய இடர் ஒன்று உண்டு. தலைமைப் பயிற்சியாளரை நிர்வாகம் நீக்கினால், அவரோடு உதவியாளர்களும் பெரும்பாலும் வெளியேற வேண்டியதுதான். தாம் வளர்த்த தடுப்பாட்டம் நன்றாகவே இருந்திருக்கலாம். தாக்குதல் பிரிவு சொதப்பியதால் தோற்றிருக்கலாம். ஆனாலும் டிசம்பரில் பெட்டி கட்ட வேண்டும். பிள்ளைகள் பள்ளி மாற வேண்டும், மனைவி வேலையை விட வேண்டும். வானிலையைப் பார்த்துக் கரையில் காத்திருக்கும் உங்களுக்கு இந்த நிலையின்மை புதிதல்ல. இருந்தாலும், ஒரு பட்டமும் கையில் ஒரு ஆசிரியத் தகுதியும் இல்லாமல் மகனை இதில் இறக்காதீர்கள் என்றே சொல்வேன். நம் ஊரில் பி.பி.எட்., எம்.பி.எட். என்ற உடற்கல்விப் பட்டங்களைப் படித்துக்கொண்டே பயிற்சியாளர் உரிமமும் பெறுபவருக்குப் பள்ளி, கல்லூரி என்று வேறு வாசல்களும் திறந்திருக்கும்.

கேள்வி: அமெரிக்க அணியில் எத்தனை உதவிப் பயிற்சியாளர்கள் இருக்கலாம்?
(மார்த்தாண்டம்)

பதில்: உயர்மட்டப் பிரிவில் களத்தில் கற்பிக்கும் உதவிப் பயிற்சியாளர்களின் எண்ணிக்கை 2018இல் ஒன்பதிலிருந்து பத்தாக உயர்ந்தது. 2024இல், அணியின் மற்றப் பணியாளர்களும் களத்தில் கற்பிக்கலாம் என்று விதி தளர்ந்தது.

கேள்வி: நான் பள்ளி உடற்கல்வி ஆசிரியர். கைகளால் ஆடும் அந்த ஆட்டத்தின் தடுப்புக் கலையிலிருந்து நம் கால்பந்துக்கு எடுத்துக்கொள்ள ஏதேனும் உண்டா? அந்த ஆட்டம் ஆபத்தானது என்றும் கேள்விப்படுகிறேனே?
(கருங்கல்)

பதில்: எடுத்துக்கொள்ள நிறைய உண்டு, ஐயா. அவற்றில் முதலாவதை நம் கரமடிக்காரர்கள் ஏற்கெனவே அறிவார்கள். வலையின் ஒரு கயிற்றைக் கரையில் விட்டு, வள்ளம் அரைவட்டமாகச் சுற்றி வந்து மறு கயிற்றைக் கரை சேர்க்கிறது. பிறகு இரண்டு பக்கத்தாரும் இழுத்துக்கொண்டே ஒருவரையொருவர் நெருங்குகிறார்கள். ஒரு பக்கத்தார் அவசரப்பட்டு முன்னே ஓடினால் மீன் அந்த வழியே போய்விடும். அமெரிக்கத் தடுப்பாட்டத்தின் அடிப்படையும் இதுவே. ஓரத்தில் நிற்பவன் பந்தைப் பிடிக்கப் பாயாமல், வெளிப்பக்க வழியை அடைத்து, ஓடிவருபவனை உள்ளே திருப்ப வேண்டும். உள்ளே இருக்கும் தோழர்கள் மடக்குவார்கள். ஓரக்காரனின் பெயர் அந்த ஆட்டக் குறிப்பில் ஏறாது. ஆனாலும் அவன் சரியாகச் செய்தான் என்பதை அவனுடைய பயிற்சியாளர் குறித்துக்கொள்வார்.

அந்தக் குறித்தல்தான் இரண்டாவது பாடம். சனிக்கிழமை ஆட்டம் முடிந்தால், ஞாயிற்றுக்கிழமை பயிற்சியாளர்கள் காணொளியின் முன் அமர்ந்து, ஒவ்வொரு வீரனுக்கும் ஒவ்வொரு நகர்வுக்கும் மதிப்பெண் இடுகிறார்கள். ஓர் ஆட்டத்தில் தடுப்பாட்டத்துக்கு அறுபது எழுபது நகர்வுகள் வரும். சரியான இடத்தில் நின்றானா, முதல் அடியைச் சரியான பக்கம் எடுத்து வைத்தானா, தன் பொறுப்பை விட்டு விலகினானா என்றே பார்ப்பார்கள். பந்து அவன் பக்கம் வந்ததா என்பது அங்கே முக்கியமில்லை. நாமோ கோல் விழுந்த ஒரு நொடியை வைத்துப் பையனைத் திட்டுகிறோம். தொண்ணூறு நிமிடம் அவன் சரியாக நின்றதை ஒருவரும் சொல்வதில்லை. அப்படித் திட்டி நானே ஒரு நல்ல ஸ்டாப்பரை இழந்திருக்கிறேன். அவன் ஆட்டத்தை விட்டு இருபது ஆண்டுகள் ஆகியும் அது என் மனத்தை அறுத்துக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது, எதிரணியைப் படிப்பது. எந்த நிலையில் அவர்கள் எதைச் செய்ய விரும்புகிறார்கள் என்பதை எண்ணிக்கையால் காண்பார்கள். மூன்றாவது வாய்ப்பில் எட்டு கஜம் வேண்டியிருக்கும்போது பத்தில் எத்தனை முறை வலப்பக்கம் எறிந்தார்கள் என்பது போன்ற கணக்கு அது. நம் ஆட்டத்தில் கார்னர் கிக்குக்கும் ஃப்ரீ கிக்குக்கும் அப்படியே பொருத்தலாம். ஏனெனில் அவைதாம் நம் ஆட்டம் நிற்கும் இடங்கள்.

ஆபத்தைப் பற்றிக் கேட்டீர்கள். உண்மை. தலையில் அடிபடுவதுதான் அந்த ஆட்டத்தின் பெருங்கவலை. தலைக்கவசத்தை ஆயுதமாக்கி எதிராளியின் தலையையோ கழுத்தையோ குறிவைத்து மோதினால், 2013 முதல் கல்லூரி ஆட்டத்தில் வெளியேற்றமே தண்டனை. எனவே தலையை ஒதுக்கி, தோளால் முட்டி, கைகளால் சுற்றிப் பிடிக்கும் முறையைக் கற்றுக்கொடுப்பது தடுப்பாட்டப் பயிற்சியாளரின் தலையாய கடமையாகிவிட்டது. ஒரு தடுப்பு தவறினால் ஆறு புள்ளிகள் போகலாம், ஆனால் ஒரு கழுத்து முறிந்தால் ஒரு வாழ்க்கையே போய்விடும். இதை மனத்தில் வைக்காதவர் அந்த வேலைக்கு வரவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: இங்கிருந்து ஒருவர் அமெரிக்கா சென்று இந்த வேலையில் சேர முடியுமா?
(குளச்சல்)

பதில்: கதவு பூட்டியில்லை, ஆனால் மிகவும் குறுகலானது. அந்த ஆட்டத்தைத் தாமே ஆடாதவரைக் கிராஜுவேட் அசிஸ்டன்டாக எடுப்பது அரிது. மாணவர் விசாவில் செல்பவர், கல்வி பருவம் நடக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் மட்டுமே வேலை செய்யலாம். இந்த வேலையோ அந்த அளவுக்குள் அடங்குவதில்லை. முதுகலை படிக்கச் செல்லும் ஒருவர் அணியின் மாணவர் உதவியாளராகவோ காணொளிப் பிரிவிலோ சிறு இடம் பெற முயலலாம். அதற்கு மேல் நம்பிக்கை கொடுத்து உங்கள் குடும்பத்தைக் கடனில் தள்ள எனக்கு மனம் வரவில்லை.

எதிர்த்திசையில் ஒரு பயணம் நடந்ததை இங்கே நினைவுகூர விரும்புகிறேன். ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னைக்கு வந்து, 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியின் மேலாளரும் அவர்தான். பயிற்றுவிப்பதையே ஒரு படிப்பாகக் கற்க வேண்டும் என்பதை நம் மாநிலத்தில் ஊன்றியவர் அவர். என் தலைமுறை உடற்கல்வி ஆசிரியர்கள் அனைவருமே ஏதோ ஒரு வகையில் அந்த மரத்தின் கிளைகள்.

மோதல் இல்லாமல், இடுப்பில் கட்டிய துணிப்பட்டையை உருவினால் தடுத்ததாகக் கொள்ளும் ஃபிளாக் ஃபுட்பால் என்ற வடிவமும் உண்டு. அணிக்கு ஐவர் ஆடும் அந்த ஆட்டத்தை 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் சேர்க்க, 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய பன்னாட்டு ஒலிம்பிக் குழு ஒப்புதல் அளித்தது. நம் நாட்டில் அது வேரூன்றினால், அதற்கும் தடுப்பைக் கற்பிக்க ஆட்கள் வேண்டியிருக்கும்.

கேள்வி: எங்கள் ஊர் மன்றத்தில் முழங்கால் போன ஒரு தம்பிக்கு அந்தத் தடுப்பாட்ட உதவிப் பயிற்சியாளர் பொறுப்பைக் கொடுக்கலாம் என்று நினைக்கிறோம். எங்கே தொடங்குவது?
(மன்றச் செயலாளர், கொல்லங்கோடு)

பதில்: உங்கள் கடிதம்தான் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது. நம் கல்லூரிகளில் பெரும்பாலும் உடற்கல்வி இயக்குநர் ஒருவரே கால்பந்து, கைப்பந்து, தடகளம் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். தடுப்பாட்டத்துக்கென்று தனி ஆள் என்பது கனவில்கூட வராத ஆடம்பரம். இரவிபுத்தன்துறையிலிருந்து புறப்பட்டு இந்திய அணிச் சட்டை அணிந்த மைக்கேல் சூசைராஜைப் போன்ற ஆட்டக்காரர்களைத் தந்த இந்தக் கடற்கரையில், ஆட்டக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களுக்குப் பக்கத்தில் நின்று நுணுக்கம் சொல்பவர்களுக்குத்தான் பஞ்சம். சூசைராஜும் 2020 நவம்பரில் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே காயத்தோடு வெளியேற நேர்ந்தது. காயம் பெரிய வீரனையும் சிறிய வீரனையும் பிரித்துப் பார்ப்பதில்லை.

அந்தத் தம்பிக்கு மூன்று காரியங்களைச் சொல்லுங்கள். அனைத்திந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் 'டி' உரிமப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கட்டும். அங்கிருந்து 'சி', 'பி', 'ஏ' என்று மேலே போகலாம். பட்டம் முடித்ததும், திருவனந்தபுரம் காரியவட்டத்தில் உள்ள லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரியை ஒருமுறை நேரில் போய்ப் பார்த்து வரட்டும். அது உங்களுக்குப் பேருந்துத் தொலைவுதான். பட்டியாலாவின் தேசிய விளையாட்டு நிறுவனம் நடத்தும் பட்டயப் படிப்பையும் ஆறு வாரச் சான்றிதழ் படிப்பையும் பற்றியும் விசாரிக்கட்டும்.

மூன்றாவது காரியத்துக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை, உயரமான இடத்திலிருந்து, பந்தை மட்டும் துரத்தாமல் பின்வரிசை நால்வரும் எப்போதும் படத்தில் இருக்கும்படி ஒரு கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். அன்று இரவே அந்தத் தம்பி ஒரு நோட்டில் ஐந்து பத்திகள் கோடிடட்டும். நிமிடம், எதிரணிப் பந்து எந்தப் பக்கம் இருந்தது, நம் ஆள் எங்கே நின்றான், எங்கே நின்றிருக்க வேண்டும், முதல் அடி சரியா தவறா. பின்வரிசையின் நால்வருக்கும் தனித்தனிப் பக்கம். திங்கள் மாலை அந்த நால்வரையும் உட்காரவைத்து, முதலில் அவர்கள் சரியாகச் செய்த ஐந்து இடங்களைப் படத்தில் காட்டட்டும். தவறுகளை அதன் பிறகு காட்டினால் போதும். ஆறு ஆட்டங்கள் முடிந்ததும் அந்த நோட்டின் நகலை எனக்கு அனுப்பிவையுங்கள். பக்கம் பக்கமாகப் படித்துப் பதில் எழுதுகிறேன்.